அப்பாவின் மறதிக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

கேள்வி:

எனக்கு 43 வயது. பிறந்த ஊர் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், வாழ்க்கைப்பட்டது கும்பகோணம். அப்பாவுக்கு 72. பத்து மா நிலத்தை இன்னும் தானே பார்த்துக்கொள்கிறார். இரண்டு வருஷமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். போன ஐப்பசியில் ராத்திரி மடையைத் திறந்தவர் அடைக்க மறந்துவிட்டார், பக்கத்து வயலில் நட்ட பயிர் மூழ்கிப் பெரிய சண்டையாகிவிட்டது. டிராக்டர்காரருக்கு ஒரே உழவுக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறார். அம்மா கேட்டால் 'வயசானா அப்படித்தான்' என்று மூடி மறைக்கிறாள். 14 வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் கலந்த மாத்திரை, பிரஷர் மாத்திரை, கேஸ் மாத்திரை, கடையில் தானே வாங்கிப் போடும் தூக்க மாத்திரை. அபுதாபியில் இருக்கும் தம்பி, அல்சைமர் இருக்கிறதா என்று ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் பரிசோதனை வந்துவிட்டது, அமெரிக்காவிலேயே அனுமதித்துவிட்டார்கள், உடனே எடு, பணம் நான் அனுப்புகிறேன் என்கிறான். லேபில் விசாரித்தேன். எங்கள் வயலில் ஒரு போகம் உளுந்து விற்ற பணம் அளவுக்கு வரும் போலிருக்கிறது. எடுக்கலாமா? அப்பாவின் அம்மாவுக்கும் எண்பதை நெருங்கும்போது இப்படி இருந்தது. நானும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? நிலத்தை இப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும் என்றும் வீட்டில் பேச்சு வருகிறது, அதுவும் மனசை அரிக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். இந்த வாரம் அந்தப் பரிசோதனைக்குப் பதிவு செய்யாதீர்கள். அது ஏமாற்று வேலை இல்லை. தஞ்சாவூரில் இருபது வருஷத்துக்கு மேலாக நரம்பியல் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மறதி நோய்களைக் கண்டறிவதில் இந்தக் காலத்தில் வந்த மிக நல்ல விஷயங்களில் அது ஒன்று. ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன, அதில் இரண்டு மூன்று உங்கள் கடிதத்திலேயே தெரிகின்றன, அவை எல்லாம் சேர்ந்தாலும் தம்பி அனுப்பப்போகும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும். உங்களுக்கு அந்தப் பரிசோதனை இப்போது தேவையே இல்லை.

கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மடையோ டிராக்டரோ இல்லை, 14 வருஷ மெட்ஃபார்மினும் கூடவே கேஸ் மாத்திரையும்தான். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருக்கும் பி12 வைட்டமின் குடலில் சரியாக ஏறாது, கேஸ் மாத்திரையையும் நீண்ட நாள் சேர்த்துப் போட்டால் இன்னும் குறையும். பால், முட்டை, மீன் என்று சாப்பிடுகிறவருக்கும் இது வரும். பி12 வற்றிப்போனால் மறதி வரும், சிடுசிடுப்பு வரும், பாதம் மரத்துப்போகும், இருட்டில் நடை தள்ளாடும். அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், செருப்பு காலிலிருந்து கழன்று போவது அவருக்குத் தெரிகிறதா, வரப்பில் நடக்கப் பழைய நிதானம் இருக்கிறதா என்று. இதற்கு வைத்தியம் பெரும்பாலும் ஊசிதான். சீக்கிரம் பிடித்தால் நிறைய மீளும், ரொம்ப நாள் விட்டுவிட்டால் கொஞ்சம்தான் மீளும். அதனால்தான் அவசரமெல்லாம் பி12 பரிசோதனைக்கு இருக்கட்டும் என்கிறேன்.

அடுத்தது அந்தச் சர்க்கரை மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையாக இருந்தால், அது சர்க்கரையை ரொம்பவும் கீழே இறக்கிவிடக்கூடியது. விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு டீயோடு வயலுக்குப் போய்ப் பத்து மணி வரை சாப்பிடாமல் நிற்கிற மனிதருக்குச் சர்க்கரை தாழ்ந்தால், என்ன செய்கிறோம் என்றே தெரியாத ஒரு குழப்பம் வரும், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது மறதி போலத் தெரியும். பிரஷர் மாத்திரையில் தையசைடு வகை நீர் மருந்து இருந்தால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதுவும் குழப்பம்தான். தூக்க மாத்திரை அல்பிரசோலம் மாதிரி ஏதாவது என்றால் அதுவே நினைவாற்றலை மங்கவைக்கும். ஆனால் அதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், பல மாதம் பழகிய உடம்பில் ஒரேயடியாக நிறுத்தினால் பதற்றம், வலிப்புகூட வரலாம், மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தைராய்டு சுரப்பி மந்தமாக இருந்தாலும் இதே கதை. மனச்சோர்வும் அப்படித்தான், எங்கள் பக்கத்தில் ஆண்கள் அதை 'ஒன்னும் பிடிக்கல' என்ற இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இன்னொன்றைக் கேட்காமல் விடக்கூடாது, அதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், கூட்டம் நிறைந்த ஒரு காலையில், அறுபத்தெட்டு வயது விவசாயி ஒருவரை மகன் அழைத்து வந்தார். இரண்டு மாதமாக மறதி, பேச்சு குறைந்துவிட்டது என்றார்கள். நான் மறதி நோய் என்று முடிவு கட்டி, டோனெபெசில் மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்கேன் எடுத்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. துளையிட்டு அதை வெளியேற்றினார்கள், பத்து நாளில் பேரன் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாற்று நடவின்போது வரப்பில் வழுக்கித் தலை இடித்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை, ஏனென்றால் வயலில் விழுவதை யாரும் விழுந்ததாகக் கணக்கு வைப்பதில்லை. அந்த மூன்று வாரம் என்னால் வீணானது, இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. அதனால் அம்மாவிடம் குறிப்பாகக் கேளுங்கள்: இந்த ஒரு வருஷத்தில் வழுக்கினாரா, குளத்துப் படியில் சறுக்கினாரா, சைக்கிளிலிருந்து சாய்ந்தாரா. பதில் என்னவாக இருந்தாலும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், சி.டி. போதும், எம்.ஆர்.ஐ. கிடைத்தால் இன்னும் நல்லது. சிறு சிறு பக்கவாதங்கள் சத்தமில்லாமல் வந்து போயிருந்தால் அதில் தெரியும், 14 வருஷச் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு அந்தச் சந்தேகம் எனக்கு நிறையவே இருக்கிறது.

சரி, இப்போது தம்பி சொன்ன பரிசோதனைக்கு வருவோம். அது எதை அளக்கிறது என்று புரிந்துவிட்டால், எதை அளக்காது என்பதும் தானாகப் புரியும்.

1906ல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண் நோயாளியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து இரண்டு விஷயங்களை விவரித்தார்: நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிந்திருந்த ஒரு பொருள், அணுக்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்டு கிடந்த சிக்கல். திட்டாகப் படிவது அமிலாய்டு பீட்டா என்ற புரதம், சிக்கலாவது டாவ் என்ற புரதம். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது அல்சைமர் நோய். மறதி இருப்பதால் மட்டும் அந்தப் பெயர் வைக்க முடியாது. பல பத்தாண்டுகளுக்கு இதை உயிரோடு இருக்கும் மனிதரிடம் உறுதி செய்ய வழியே இல்லாமல் இருந்தது. பிறகு முதுகுத் தண்டுவட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் முறை வந்தது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமிலாய்டைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் வந்தது. ஒன்று வலிக்கும், இன்னொன்று பெரிய செலவு, அதுவும் பெரிய நகரங்களில்தான்.

ரத்தத்தில் ஏன் இத்தனை நாள் முடியவில்லை என்றால், மூளையிலிருந்து ரத்தத்துக்குக் கசிந்து வருவது அவ்வளவு சொற்பம். இப்போது எல்லோரும் பேசும் பி-டாவ் 217 என்ற புரதம் (டாவ் சங்கிலியின் 217ஆவது இடத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்ட வடிவம்) ஒரு மில்லிலிட்டரில் பெரும்பாலும் ஒரு பிக்கோகிராமுக்கும் கீழேதான் இருக்கும். ஒரு கிராமை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் பிக்கோகிராம். நம் பக்கத்துக் கணக்கில் சொல்கிறேன். மேட்டூர் அணை 93.47 டிஎம்சி முழுக் கொள்ளளவுக்கு நிரம்பி நிற்கும்போது அதில் ஒன்றேகால் கிலோ உப்பைக் கரைத்தால், அந்தத் தண்ணீரின் ஒரு சொட்டில் எவ்வளவு உப்பு இருக்குமோ, அந்த அடர்த்தியைத்தான் இந்தக் கருவிகள் அளக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கை கூப்பத் தோன்றுகிறது.

அமிலாய்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் 42, 40 என்று இரண்டு நீளங்கள் உண்டு, 42தான் எளிதில் படியும். மேலே எங்கோ வண்டல் தேங்கிவிட்டால் கடைமடைக்கு வரும் தண்ணீர் தெளிந்து வருமே, அதுபோல மூளையில் 42 படியத் தொடங்கியதும் ரத்தத்தில் அது குறையும், 40 குறையாது, எனவே இரண்டுக்குமான விகிதம் இறங்கும். ஆனால் உடம்பின் மற்ற பாகங்களும் அமிலாய்டைச் சுரப்பதால் ரத்தத்தில் தெரியும் இறக்கம் ரொம்பச் சிறியது, லேபில் கொஞ்சம் பிசகினாலும் முடிவு மாறிவிடும். பி-டாவ் 217 அப்படி இல்லை. நோய் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நடுவில் மடங்கு கணக்கில் வித்தியாசம் காட்டும். அதனால்தான் இன்று அது முன்னால் நிற்கிறது.

தம்பி படித்த செய்தி அனேகமாக 2025 மே மாதத்து அனுமதியாக இருக்கும். அந்த மாதம் 16ஆம் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லூமிபல்ஸ் என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது, பி-டாவ் 217க்கும் அமிலாய்டு பீட்டா 42க்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது அது. 499 பேரின் மாதிரிகளை வைத்துச் சரிபார்த்தார்கள். 'இருக்கிறது' என்று ரத்தம் சொன்னவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமிலாய்டு இருந்தது. 'இல்லை' என்று சொன்னவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு அது இல்லை. இதில் செய்தியில் பாதி பேர் படிக்காமல் விடுவது இரண்டு வரிகள். அனுமதி 55 வயதும் அதற்கு மேலும் ஆன, ஏற்கெனவே அறிகுறி உள்ள, மறதி நோய்க்கான சிறப்பு மருத்துவரிடம் வந்தவர்களுக்கு மட்டும். அப்புறம், ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதிலுமே வராமல் நடுவில் தொங்கும். அப்படித் தொங்கினால் மறுபடி பெட் ஸ்கேனுக்கோ முதுகு ஊசிக்கோ போக வேண்டும், உளுந்துப் பணம் போனது போனதுதான்.

நான் இந்தப் பரிசோதனையைக் குறைத்துப் பேசுவதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். 2024ல் வெளிவந்த ஒரு ஸ்வீடன் ஆய்வில் 1213 நோயாளிகளைப் பார்த்தார்கள். பேசிப் பார்த்து, சாதாரண ஸ்கேனையும் பார்த்து அல்சைமர் என்று சரியாகச் சொல்வதில் பொது மருத்துவர்கள் 61 சதவீதம், நினைவுச் சிகிச்சை நிபுணர்கள் 73 சதவீதம், ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய 91 சதவீதம். நிபுணர் என்று பலகை மாட்டியிருக்கும் என் போன்றவர்கள் நாலில் ஒருவரைத் தப்பாகச் சொல்கிறோம் என்றுதானே அர்த்தம். இதைப் படித்த அன்றைக்கு நான் பார்த்த பழைய நோயாளிகள் பலர் கண்முன் வந்தார்கள்.

இவ்வளவு நல்ல பரிசோதனை என்றால் அப்பாவுக்கு ஏன் உடனே வேண்டாம் என்கிறேன்? அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மூளையில் அல்சைமர் மாற்றம் படிந்திருக்கிறதா? உங்கள் கேள்வி அது இல்லை. அப்பா ஏன் இப்படி ஆனார், என்ன செய்தால் சரியாகும் என்பது உங்கள் கேள்வி. எழுபது வயதில் நினைவு நன்றாக இருப்பவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் அமிலாய்டு படிந்திருக்கும், எண்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. அறிகுறி வெளியே வருவதற்கு 15, 20 வருஷம் முன்பே அது படியத் தொடங்கிவிடுகிறது. அப்படியென்றால், அப்பாவின் குழப்பத்துக்கு உண்மைக் காரணம் பி12 குறைவாகவே இருந்து, ஓரமாகக் கொஞ்சம் அமிலாய்டும் இருந்தால், ரத்தம் 'அல்சைமர்' என்று சொல்லும், நீங்கள் எல்லோரும் உடைந்துபோவீர்கள், பி12 ஊசியைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமலே போய்விடும். நான் பயப்படுவது இதற்குத்தான்.

அடுத்தது சிறுநீரகம். 14 வருஷச் சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டிருக்க வாய்ப்பு உண்டு. சிறுநீரகம் மந்தமானால் இந்த டாவ் புரதங்கள் ரத்தத்திலிருந்து வெளியேறுவது குறைந்து, மூளையில் பெரிதாக ஒன்றும் இல்லாமலே எண் ஏறி நிற்கும். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் இந்தப் பரிசோதனையைப் படிக்கவே கூடாது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எதிர்ப்பக்கம், எண் இறங்கித் தெரியலாம்.

மாதிரியைக் கையாளும் விதமும் முக்கியம். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிறோம் என்று சொன்னால், எடுத்த ரத்தத்தை எத்தனை மணி நேரத்தில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைப்பார்கள் என்று கேளுங்கள். பி-டாவ் ஓரளவு தாங்கும், அமிலாய்டு தாங்காது. சித்திரை வெயிலில் ஒரு பையில் கிடந்து, ராத்திரி பஸ்ஸில் பெருநகரத்துக்குப் போன ரத்தத்தில் 42இன் அளவு இறங்கிப்போயிருக்கும், அந்த இறக்கத்தை நோய் என்று அறிக்கை சொல்லிவிடும்.

மற்ற மறதி நோய்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் என்றால் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அங்கே ரத்தம் இன்னும் அவ்வளவு பேசவில்லை. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதிக்கு ஸ்கேன்தான். லூயி பாடி என்ற வகைக்கும், குணமே மாறிப்போகும் முன்மூளைத் தேய்வு வகைக்கும் பி-டாவ் 217 மாதிரி கைகாட்டும் ரத்தப் பரிசோதனை நடைமுறைக்கு வரவில்லை. நியூரோஃபிலமென்ட் லைட் என்று இன்னொரு புரதத்தையும் லேப் பட்டியலில் பார்ப்பீர்கள். நரம்பு எங்கே சிதைந்தாலும் அது ஏறும், பக்கவாதத்திலும் ஏறும், தலையில் அடிபட்டாலும் ஏறும், சர்க்கரையால் கால் நரம்பு கெட்டாலும் ஏறும், வயதானாலே ஏறும். வாய்க்காலில் தண்ணீர் கலங்கி வருகிறது என்று சொல்லும், எந்தக் கரை உடைந்தது என்று சொல்லாது. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு அது உதவும்: ஐம்பது வயதுக்காரர் திடீரென்று குணம் மாறி வரும்போது அது மன நோயா மூளைத் தேய்வா என்று பிரிக்க. ஜி.எஃப்.ஏ.பி. என்று மூளையின் துணை அணுக்களிலிருந்து வரும் ஒரு புரதமும் இருக்கிறது, அதுவும் அப்பாவுக்கு இப்போது தேவையில்லை.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் காரணம் பிடிபடவில்லை, அல்சைமர்தானா என்ற சந்தேகம் நிற்கிறது என்றால், அப்போது இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசலாம். அப்போதுகூட ஒரு கேள்வி: 'ஆம்' என்று வந்தால் நாம் என்ன மாற்றிச் செய்யப்போகிறோம்? அமெரிக்காவில் இதற்கு இவ்வளவு அவசரம் இருப்பதற்குக் காரணம் அமிலாய்டை அகற்றும் ஊசி மருந்துகள், 2023ல் முழு அனுமதி பெற்ற லெகனமேப், 2024ல் வந்த டோனனமேப். நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அவை. போன நினைவைத் திருப்பித் தராது, 18 மாத ஆய்வில் லெகனமேப் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும். மன்னார்குடி பக்கத்து கிராமத்தில் இருக்கும் 72 வயதுக்காரருக்கு அந்தப் பாதையை நான் இன்று சொல்ல மாட்டேன். டோனெபெசில் போன்ற மாத்திரைகளைத் தொடங்க இந்த ரத்தப் பரிசோதனை கட்டாயம் இல்லை, நாடித்துடிப்பைப் பார்த்து, நோயாளியை நேரில் பார்த்து முடிவு செய்வோம்.

நேரில் பார்ப்பது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் படிப்பை வைத்து மதிப்பெண் போடும் கேள்விகள் நம் பெரியவர்களுக்குப் பொருந்தாது, அதனால் நான் அவர்கள் வாழ்க்கையிலிருந்தே கேட்பேன். கலத்துக்கு எத்தனை மரக்கால் என்றால் பன்னிரண்டு என்று பட்டென்று சொல்வார்கள், நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று கணக்கும் ஒப்பிப்பார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் திரும்பி மனைவி முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒரு திரும்பலில் எனக்கு நிறையத் தெரியும். பழையது கல்வெட்டாக நிற்க, புதியது பதியாமல் போவது அல்சைமரின் வழக்கம். கணக்கே குழறுகிறது, நடை மாறிவிட்டது, சிறுநீர் கட்டுப்படவில்லை, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றால் நான் வேறு பக்கம் யோசிப்பேன். இதைக் கவனித்துச் சொல்லக்கூடியவர் உங்கள் அம்மாதான். அவர் மூடி மறைப்பதைக் குற்றமாகப் பேசாதீர்கள், ஊர் வாயில் 'புத்தி கலங்கிடுச்சு' என்று விழுந்துவிடக் கூடாதே என்று அவர் தனியாக எவ்வளவு தாங்கிக்கொண்டிருக்கிறாரோ.

இப்போது உங்களைப் பற்றி. பாட்டிக்கு எண்பதை நெருங்கி வந்தது, அப்பாவுக்கு எழுபதில். தலைமுறை தலைமுறையாக உறுதியாகக் கடந்து வரும் மரபணு வகை, அல்சைமர் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு, அது பெரும்பாலும் நாற்பது, ஐம்பதுகளிலேயே தொடங்கிவிடும். உங்கள் வீட்டுக் கதை அது மாதிரி இல்லை. அறிகுறி இல்லாதவர்கள் இந்தப் பரிசோதனையை எடுக்க வேண்டாம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு, அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். உங்கள் வயதில் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இருபது பேருக்கு உண்மையிலேயே அமிலாய்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் பரிசோதனை அந்த இருபதில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் பத்தில் ஒருவரைத் தப்பாகப் பிடித்தால் அது 98 பேர். ஆக 'இருக்கிறது' என்று அறிக்கை வாங்கும் 116 பேரில் 98 பேருக்கு ஒன்றும் இல்லை. முறம் அதேதான், ஆனால் களத்தில் கிடப்பது முழுக்கக் கருக்காயாக இருந்தால் முறத்தில் தங்குவதிலும் கருக்காய்தான் அதிகம் இருக்கும். 43 வயதில் அப்படி ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் ஒவ்வொரு முறையும் நீங்கள் சாக வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. 2024ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்ட மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரையில் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டார்கள். அதில் பெரிய பங்கு இரண்டுக்கு, நடுவயதில் கெட்ட கொழுப்பு, அப்புறம் காது கேளாமை. கொழுப்பு, பிரஷர், சர்க்கரை மூன்றையும் வருஷத்துக்கு ஒரு முறை பாருங்கள், அது உங்களுக்குப் போதும். காது என்றதும் அப்பாவின் ஞாபகம் வருகிறது: மோட்டார் சத்தத்திலும் டிராக்டர் சத்தத்திலும் வாழ்ந்தவர், கேட்டதையே திரும்பக் கேட்பதற்குப் பாதிக் காரணம் பதில் காதில் சரியாக விழாததாகவும் இருக்கலாம். தம்பி பணம் அனுப்பியே தீருவேன் என்றால் காது பரிசோதித்துக் கருவி வாங்கட்டும், கண்ணில் புரை இருந்தால் எடுக்கட்டும். அந்தப் பணம் அப்பாவுக்கு நேராகப் பயன்படும்.

நிலத்தைப் பற்றி நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தப் பேச்சு என் அறையில் வாரத்துக்கு ஒரு முறை நடக்கிறது. ஒருவருக்கு நோயின் பெயர் வந்துவிட்டது என்பதாலேயே கையெழுத்து செல்லாமல் போகாது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் பார்ப்பது, கையெழுத்துப் போடும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தனக்கு நல்லதா கெட்டதா என்று எடைபோட முடிகிறதா என்பதைத்தான். எதை யாருக்கு என்று அப்பா தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளையில், அம்மாவும் நீங்களும் தம்பியும் எல்லோரும் கேட்க, அவர் வாயாலேயே சொல்லட்டும். இந்த ரத்த அறிக்கையை அவர் கையிலிருந்து நிலத்தை வாங்க ஒரு காகிதமாக யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டிலிருக்கும் மாத்திரைகளை எல்லாம், கடையில் வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரு மஞ்சப்பையில் அப்படியே போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பி12, தைராய்டு, சோடியம், கிரியாட்டினின், ரத்த அணுக்கள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இவற்றுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, தலை ஸ்கேனோடு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். அம்மாவுக்கு யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண் இருக்கிறது. திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால், காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால், வாய் கோணினால், எதற்கும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஜூன் 12ல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் அவரை வயலிலிருந்து பிடித்து வர உங்களால் முடியாது, அதற்குள் முடித்துவிடுங்கள். மடையை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள், ராத்திரி திறக்கப் போகும்போது பக்கத்து வயல்காரர் மகனைக் கூட அனுப்புங்கள், போன வருஷச் சண்டைக்கு அது ஒரு சமாதானமாகவும் இருக்கும். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், கிரியாட்டினின் எண்ணையும் அவர் கீழே விழுந்தாரா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.